பகுதி சபையும் வார்டு குழுவும்: உள்ளாட்சிக்கு ஆலோசனை சொல்லக் குடியிருப்போருக்கு உள்ள இடம்

சென்னை மாநகராட்சியில் 200 வார்டுகள் இருக்கின்றன. விரிவுபடுத்தப்பட்ட நகர எல்லைக்குள் 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படியே 66 இலட்சத்துக்கும் மேற்பட்ட மக்கள் வாழ்ந்தார்கள்; அப்படிப் பார்த்தால் ஒரு மாமன்ற உறுப்பினரின் பொறுப்பில் சராசரியாக முப்பதாயிரம் பேருக்கும் மேல் வருகிறார்கள். அவர் எவ்வளவு உழைப்பவராக இருந்தாலும், எந்தத் தெருவில் எந்தக் கம்பத்து விளக்கு எரியவில்லை, எந்தக் குழாயில் விடியற்காலையில் கழிவுநீர் கலந்து வருகிறது, எந்தப் பள்ளிக்கு எதிரே வேகத்தடை வேண்டும் என்பதையெல்லாம் ஒருவராக நேரில் அறிந்திருக்க முடியாது. அங்கேயே குடியிருப்பவர்களுக்கு அது தெரியும். அவர்களுக்குத் தெரிந்ததை முறைப்படி கேட்டு, எழுதிக்கொண்டு, முடிவெடுப்பவர்களின் மேசை வரை கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காகச் சட்டம் ஏற்படுத்தியிருக்கும் அமைப்புகள்தாம் உள்ளாட்சி ஆலோசனைக் குழுக்கள். தமிழ்நாட்டு நகரங்களில் இவற்றுக்குப் பகுதி சபை, வார்டு குழு என்று பெயர்.

இந்தக் கூட்டங்களுக்கு ஒருமுறைகூடப் போயிராதவர்களுக்காகவும், போகலாமா என்று யோசித்துக்கொண்டிருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். இந்த அமைப்பு என்ன, இதில் உட்காரும் குடிமகனால் எதைச் செய்ய முடியும், எதைச் செய்ய முடியாது என்பது தெரிந்துவிட்டால் பாதித் தயக்கம் போய்விடும்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். ஆலோசனைக் குழு என்றால் அதற்கு உத்தரவிடும் அதிகாரம் கிடையாது. சாலை போடு என்று ஒரு பகுதி சபை பொறியாளருக்கு ஆணையிட முடியாது. ஒப்பந்தத்தை இரத்து செய்ய முடியாது. மாநகராட்சியின் பணத்திலிருந்து ஒரு ரூபாயை எடுத்துச் செலவழிக்கவும் முடியாது. நிதி ஒதுக்குவதும் தீர்மானம் நிறைவேற்றுவதும் மாமன்றத்தின் வேலை. அதை நடத்திக் காட்டுவது ஆணையரின் தலைமையில் இயங்கும் நிர்வாகத்தின் வேலை. குழுவின் வேலை, என்ன தேவை, எது முதலில் தேவை, போட்ட வேலை சரியாக நடந்திருக்கிறதா என்று சொல்வது. கேட்பதற்கு இது சிறியதாகத் தோன்றும். ஆனால் ஒரு கூட்டத்தில் சொல்லப்பட்டுப் பதிவேட்டில் ஏறிய கருத்தை, தேநீர்க் கடையில் சொன்ன குறையைப் போல எவராலும் ஒதுக்கிவிட முடியாது. அதற்குப் பதில் சொல்லியாக வேண்டும். ஏற்கவில்லை என்றால் ஏன் என்று விளக்க வேண்டிய இடத்துக்கு அலுவலர் வந்துவிடுகிறார். ஆலோசனைக் குழுவின் பலம் முழுவதும் இந்த எழுத்தில்தான் இருக்கிறது என்பது என் அனுபவம். இக்கட்டுரையில் நான் சொல்லப்போகும் மற்றவை பெரும்பாலும் இதைச் சுற்றியே வரும்.

இந்த அமைப்பு எப்படி வந்தது?

1992 டிசம்பரில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய இரண்டு அரசியலமைப்புத் திருத்தங்களிலிருந்து தொடங்க வேண்டும். ஊராட்சிகளுக்கான 73ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 அன்றும், நகராட்சிகளுக்கான 74ஆவது திருத்தம் அதே ஆண்டு ஜூன் 1 அன்றும் நடைமுறைக்கு வந்தன. முதலாவது, கிராம சபை என்ற அமைப்புக்கு அரசியலமைப்பிலேயே இடம் தந்தது. ஓர் ஊராட்சியின் வாக்காளர் பட்டியலில் பெயருள்ள ஒவ்வொருவரும் கிராம சபையின் உறுப்பினர். யாரும் யாரையும் நியமிக்க வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் இப்போது ஆண்டுக்கு ஆறு நாள்கள், அதாவது ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய தேதிகள் கிராம சபைக்காகக் குறிக்கப்பட்டிருக்கின்றன.

நகரத்துக்கு வந்த திருத்தம் அவ்வளவு தாராளமாக இல்லை. அதன் 243எஸ் பிரிவு, மூன்று இலட்சமோ அதற்கு மேலோ மக்கள் வாழும் நகரங்களில் வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று சொன்னது. ஆனால் அந்தக் குழு ஒரு வார்டுக்கானதாகவும் இருக்கலாம், பல வார்டுகளைச் சேர்த்ததாகவும் இருக்கலாம் என்று விட்டுவிட்டது. அதில் யார் உட்காருவது என்பதையும் மாநிலங்களின் முடிவுக்கே விட்டது. இதனால் பல வார்டுகளை ஒன்றாகக் கட்டி மண்டல அளவில் ஒரு குழு அமைத்து, அதில் மாமன்ற உறுப்பினர்களை மட்டும் உட்கார வைத்தாலும் அரசியலமைப்பின் கட்டளை நிறைவேறியதாகவே ஆயிற்று. குடியிருப்பவருக்கு அங்கே நாற்காலி இல்லை. கிராமத்தில் வாழும் ஒரு விவசாயக் கூலித் தொழிலாளி கிராம சபையில் எழுந்து ஊராட்சியின் வரவு செலவைக் கேட்க முடிந்த காலத்தில், நகரத்தில் வாழும் ஒரு கல்லூரிப் பேராசிரியருக்குக்கூட அப்படிக் கேட்பதற்குச் சட்டம் ஓர் இடம் தரவில்லை என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

இந்தக் குறையைப் போக்க, நகரங்களிலும் கிராம சபையைப் போன்ற அமைப்பு வேண்டும் என்ற கோரிக்கை வலுத்தது. 2005 டிசம்பரில் தொடங்கிய ஜவஹர்லால் நேரு தேசிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின்கீழ் நிதி பெற விரும்பும் மாநிலங்கள், மக்கள் பங்கேற்புக்கென ஒரு சட்டம் கொண்டுவர வேண்டும் என்று மத்திய அரசு நிபந்தனை வைத்தது. தமிழ்நாடு 2010ஆம் ஆண்டில் நகராட்சிச் சட்டங்களைத் திருத்தி, வார்டு குழுவையும் பகுதி சபையையும் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. சட்டம் வந்ததே தவிர, அதை நடத்துவதற்கான விதிகள் வரவில்லை. இடையில் 2016 அக்டோபரில் நகர்ப்புற மன்றங்களின் பதவிக்காலம் முடிந்து, அடுத்த தேர்தல் 2022 பிப்ரவரி 19 அன்றுதான் நடந்தது. ஐந்து ஆண்டுகளுக்கும் மேலாக மாமன்றமே இல்லாத நகரத்தில் வார்டு குழு எங்கிருந்து வரும்? தேர்தல் முடிந்த பின், 2022ஆம் ஆண்டில் விதிகள் வெளியிடப்பட்டன. அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று தாம்பரம் மாநகராட்சிக்கு உட்பட்ட பம்மலில் நடந்த பகுதி சபைக் கூட்டத்தில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் கலந்துகொண்டார். ஆக, நகரத்து மக்களுக்கு இது மிகப் புதிய பழக்கம். கூட்டங்கள் தடுமாறுவதைப் பார்த்து மனம் தளர்பவர்களுக்கு இந்த வயதை நினைவூட்டுவது என் வழக்கம்.

அமைப்பின் வடிவம்

ஒரு வார்டு பல பகுதிகளாகப் பிரிக்கப்படுகிறது. சென்னையில் ஒவ்வொரு வார்டும் பத்துப் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. மக்கள்தொகை குறைந்த ஊர்களில் இந்த எண்ணிக்கையும் குறையும். ஒரு பகுதியின் வாக்காளர்கள் அனைவரும் சேர்ந்தது பகுதி சபை. ஒவ்வொரு பகுதிக்கும் ஒருவர் பிரதிநிதியாக நியமிக்கப்படுகிறார். இந்தப் பிரதிநிதிகள் எல்லோரும் மாமன்ற உறுப்பினரின் தலைமையில் கூடினால் அது வார்டு குழு. சென்னையில் ஒரு வார்டு குழு என்பது மாமன்ற உறுப்பினரும் பத்துப் பிரதிநிதிகளும் கொண்டது என்று மனத்தில் வைத்துக்கொள்ளலாம்.

பகுதி சபை தன் பகுதியின் தேவைகளைப் பட்டியலிட்டு அவற்றில் எது முதலில், எது பிறகு என்று வரிசைப்படுத்தலாம்; தெருவிளக்கு, பொதுக்குழாய், பொதுக்கழிப்பறை ஆகியவை எந்த இடத்தில் அமைய வேண்டும் என்று சொல்லலாம்; குடிநீரிலும் தூய்மைப் பணியிலும் உள்ள குறைகளைச் சுட்டிக்காட்டலாம்; நலத்திட்டங்களுக்குத் தகுதியானவர்களை அடையாளம் காண உதவலாம். வார்டு குழு இவற்றைத் தொகுத்து, திடக்கழிவு மேலாண்மை, தெருவிளக்குப் பராமரிப்பு, பூங்கா, சிறு சாலைப் பணிகள் ஆகியவற்றைக் கண்காணிக்கும் வேலையைச் செய்கிறது.

பகுதி சபைக் கூட்டங்களுக்கென நான்கு நாள்கள் குறிக்கப்பட்டிருக்கின்றன: தேசிய வாக்காளர் தினமான ஜனவரி 25, அம்பேத்கர் பிறந்த நாளான ஏப்ரல் 14, அண்ணா பிறந்த நாளான செப்டம்பர் 15, மனித உரிமைகள் தினமான டிசம்பர் 10. இவை தலைவர்களையும் உரிமைகளையும் நினைவுகூரும் நாள்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவை என்றாலும், நகரத்தின் ஆண்டுச் சுழற்சியோடு வைத்துப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனிப் பயன் இருக்கிறது. ஜனவரிக் கூட்டம் நிதிநிலை அறிக்கைக்கு முந்தையது. புதிய பணி எதையாவது கேட்பதென்றால் அப்போதே கேட்டுவிட வேண்டும், ஏனென்றால் மதிப்பீடு தயாராகி ஒதுக்கீடு முடிந்த பிறகு கேட்பது அடுத்த ஆண்டுக்கான விண்ணப்பமாகிவிடும். ஏப்ரல் கோடையின் தொடக்கம். குழாயில் தண்ணீர் வரும் நேரம் குறைவதும், தண்ணீர் லாரி எந்தச் சந்துக்குள் நுழைய முடியாமல் திரும்புகிறது என்பதும் அந்த வாரங்களில்தான் தெரியவரும். செப்டம்பர் 15க்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் நடுவே சில வாரங்கள்தாம் இருக்கின்றன. புதிதாக வடிகால் கட்ட அது போதாது, ஆனால் அடைத்துக் கிடக்கும் வடிகாலைத் தூர்வார அது போதும். டிசம்பர் 10 வரும்போது பெருமழையின் பெரும்பகுதி முடிந்திருக்கும். சுவர்களில் தண்ணீர் நின்ற தடம் இன்னும் அழியாமல் இருக்கும். அந்தத் தடத்தைக் காட்டிப் பேசுவதற்கு அதைவிட நல்ல நாள் இல்லை. தேதிகள் சில சமயம் மாற்றி வைக்கப்படுவதும் உண்டு என்பதால், வார்டு அலுவலகத்தில் ஒரு வாரம் முன்னதாகக் கேட்டு உறுதி செய்துகொள்வது நல்லது.

யாரிடம் எதைக் கேட்பது?

புதிதாக வருபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது. தெருவில் நமக்குத் தெரியும் குறை ஒன்றுதான். ஆனால் அதற்குப் பொறுப்பான துறைகள் பல. சென்னையில் மழைநீர் வடிகால் மாநகராட்சியைச் சேர்ந்தது. பாதாளச் சாக்கடையும் குடிநீரும் சென்னைக் குடிநீர் வாரியத்தைச் சேர்ந்தவை. தெருவிளக்கு மாநகராட்சியின் பொறுப்பு. தெருமுனையில் தாழ்வாகத் தொங்கும் மின்கம்பியும் டிரான்ஸ்பார்மரும் மின்வாரியத்தின் பொறுப்பு. உட்தெரு மாநகராட்சிக்கு உரியது. அது போய்ச் சேரும் பெரிய சாலை நெடுஞ்சாலைத் துறைக்கு உரியதாக இருக்கக்கூடும். அதனால்தான் ‘இது எங்கள் துறை இல்லை’ என்ற பதிலைக் கூட்டங்களில் அடிக்கடி கேட்க நேர்கிறது. அந்தப் பதில் பல சமயம் உண்மையாகவும் இருக்கிறது. அப்போது சோர்ந்து உட்கார்ந்துவிடாமல், அந்த வேறு துறைக்கு இந்தக் குழுவின் சார்பில் கடிதம் எழுத வேண்டும் என்றும், அந்தக் கடிதத்தின் எண் அடுத்த கூட்டத்தில் தெரிவிக்கப்பட வேண்டும் என்றும் கேட்டுப் பதிவு செய்ய வைக்கலாம். தனி ஒருவர் மூன்று அலுவலகங்களின் படியேறி அலைவதைவிட, ஒரு குழுவின் பெயரில் ஒரு துறை இன்னொரு துறைக்கு எழுதும் கடிதத்துக்கு மதிப்பு அதிகம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். குப்பை அள்ளவில்லை, விளக்கு எரியவில்லை என்பது போன்ற அன்றாடக் குறைகளுக்கு மாநகராட்சியின் 1913 எண் இருக்கிறது. அங்கே தீரக்கூடியதை அங்கேயே தீர்த்துக்கொண்டு, திரும்பத் திரும்ப வருகிற குறை, பலரைப் பாதிக்கிற குறை, திட்டமிட்டால் மட்டுமே தீருகிற குறை ஆகியவற்றைக் கூட்டத்துக்குக் கொண்டுவந்தால் எல்லோருடைய நேரமும் மிஞ்சும்.

ஒரு கூட்டமும் ஒரு வரியும்

நான் முதன்முதலாகப் போன பகுதி சபைக் கூட்டம் ஒரு சமுதாய நலக்கூடத்தில் நடந்தது. நாற்பது நாற்காலிகள் போட்டிருந்தார்கள், முக்கால்வாசி நிரம்பியிருந்தது. முதல் அரைமணி நேரம் பேசியவர்கள் எல்லோரும் ‘வார்டு முழுவதும் சாலை மோசம்’, ‘எங்கள் பகுதியை யாரும் கவனிப்பதில்லை’ என்ற அளவில் நின்றார்கள். அவர்கள் சொன்னது பொய்யில்லை; ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த உதவிப் பொறியாளர் குறித்துக்கொள்ள அதில் ஒன்றும் இல்லை.

பிறகு ஓர் அம்மா எழுந்தார். தெருமுனையில் காலையில் இட்லிக் கடை போடுபவர். அவர் குடியிருக்கும் தெருவில் மழைநீர் வடிகால் இருக்கிறது, அது பெரிய சாலையின் வடிகாலோடு இணைக்கப்பட்டிருக்கிறது என்று பொறியாளர் வரைபடத்தை விரித்துக் காட்டியபோது, அவர் சொன்னார்: “சார், படத்துல எப்படி இருக்குன்னு எனக்குத் தெரியாது. மழை பேஞ்சா தண்ணி அந்தப் பக்கம் போகாது. ஆறாம் நம்பர் வீட்டு வாசல்ல இருக்கிற மூடி வழியா மேல வரும். மொதல்ல அங்கதான் வரும். அப்புறம்தான் மத்த வீடு.”

கூடம் அமைதியாயிற்று. பொறியாளர் இரண்டு மூன்று கேள்விகள் கேட்டார். சாலை கடைசியாக எப்போது போடப்பட்டது? பழைய தார்ப் பரப்பைச் சுரண்டி எடுத்துவிட்டுப் போட்டார்களா, அதன் மேலேயே போட்டார்களா? மேலேயே போட்டார்கள், அதுவும் இரண்டு முறை, என்றார் அந்த அம்மா. முன்பு தன் கடைக்கு இரண்டு படி இருந்தது, இப்போது ஒரு படிதான் வெளியே தெரிகிறது என்று கையால் அளந்து காட்டினார். சாலை உயர்ந்ததால், ஓரத்தில் மழைநீர் வடிகாலுக்குள் இறங்க வேண்டிய திறப்புகள் தாருக்கு அடியில் மூடிக்கொண்டிருக்கின்றன; பெரிய சாலையில் வேறு துறை செய்த பணியில் இணைப்பு துண்டிக்கப்பட்டிருக்கலாம். பொறியாளர் வரைபடத்தில் ஆறாம் எண் வீட்டுக்கு எதிரே பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். எந்தப் பொறியியல் பட்டமும் தராத அறிவு அது. அந்த வாசலில் பல மழைக்காலங்கள் நின்றவருக்கு மட்டும் கிடைக்கக்கூடியது. ஆலோசனை என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்பதை அன்றுதான் நான் விளங்கிக்கொண்டேன்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. கூட்டத்தின் முடிவில் பதிவேட்டில் எழுதப்பட்ட வரி இது: ‘மழைநீர் வடிகால் தொடர்பான குறைகளைப் பொதுமக்கள் தெரிவித்தனர்.’ இந்த வரியை வைத்துக்கொண்டு எவரும் எதையும் செய்ய முடியாது; மூன்று மாதம் கழித்து எவரும் எதையும் கேட்கவும் முடியாது. எங்களில் சிலர் எழுத்தரிடம் போய், பணிவாகவே, அந்த வரியைத் திருத்தி எழுதும்படி கேட்டோம். தெருவின் பெயர், ஆறாம் எண் வீட்டின் எதிரே உள்ள மூடி, தாரால் மூடப்பட்ட திறப்புகளைப் பருவமழைக்கு முன் திறந்துவிட வேண்டும் என்ற பரிந்துரை, பெரிய சாலை வடிகாலோடு உள்ள இணைப்பைச் சம்பந்தப்பட்ட துறையோடு சேர்ந்து ஆய்வு செய்ய வேண்டும் என்ற பரிந்துரை, இதற்குப் பொறுப்பான அலுவலரின் பதவி, அடுத்த கூட்டத்தில் பதில் தர வேண்டும் என்ற குறிப்பு ஆகிய எல்லாம் ஏறின. நான்கு வரிகள் கூடின. முதலில் சற்றுத் தயங்கிய எழுத்தர், பிறகு தாமே ஒரு சொல்லைச் சரிசெய்து கொடுத்தார்.

புதிதாக வருபவர்களுக்கு நான் தரக்கூடிய யோசனைகளில் இதையே முதலாவதாக வைப்பேன். எங்கே, என்ன, எப்போதிலிருந்து, எத்தனை பேருக்கு, என்ன செய்யலாம், யார் செய்ய வேண்டும் என்ற ஆறுக்கும் விடை தரும் வகையில் உங்கள் கருத்தை அரைப் பக்கத்தில் எழுதி எடுத்துப்போங்கள். தேதியோடு ஒரு புகைப்படம் இருந்தால் இணைத்துக்கொள்ளுங்கள். இரண்டு படிகள் எடுத்துச் சென்று, ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றொன்றில் பெற்றுக்கொண்டதற்கான கையொப்பத்தை வாங்குங்கள். பேசும் நேரம் இரண்டு நிமிடமாகக் குறைக்கப்பட்டாலும் தாள் முழுவதையும் பேசும். கூட்டம் கலைவதற்கு முன் உங்கள் பரிந்துரை எப்படி எழுதப்பட்டிருக்கிறது என்று படித்துக் காட்டக் கேளுங்கள். இதைக் கேட்பது எவருக்கும் அவமரியாதை இல்லை.

உறுப்பினராவது எப்படி?

பகுதி சபைக்கு வந்து பேசுவதற்கு எந்த நியமனமும் தேவையில்லை. வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். அதனால்தான் வீடு மாறியவர்கள் முதலில் தங்கள் பெயரைப் புதிய முகவரிக்கு மாற்றிக்கொள்ள வேண்டும். பகுதியின் பிரதிநிதியாகி வார்டு குழுவில் உட்காருவது வேறு. அதற்குத் தேர்தல் கிடையாது, மன்றத்தின் நியமனம்தான். நடைமுறையில் மாமன்ற உறுப்பினரின் சொல்லுக்கு அதில் பெரிய எடை உண்டு என்பதும், அதனால் பல இடங்களில் கட்சிக்காரர்களும் வேண்டியவர்களும் அந்த இடங்களை நிரப்பிவிடுகிறார்கள் என்பதும் பரவலாகச் சொல்லப்படும் குறைகள். இந்தக் குறையை நான் மறைக்க விரும்பவில்லை. தன்னை நியமித்தவரின் வேலையை நிறை குறையோடு எடுத்துச் சொல்ல எல்லோருக்கும் துணிவு வந்துவிடாது.

வேறு ஊர்களில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது இங்கே பயன்படும். கர்நாடக விதிகளின்படி பெங்களூரு வார்டு குழுவில் மாமன்ற உறுப்பினரோடு பத்துப் பேர் இருந்தார்கள். அவர்களில் குறைந்தது மூன்று பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினரிலிருந்து இருவர், குடியிருப்போர் சங்கங்களிலிருந்து இருவர் இருக்க வேண்டும் என்று விதியே சொன்னது. நகரத்தின் குப்பைப் பிரச்சினை உயர் நீதிமன்றத்துக்குப் போனபோது, வார்டு குழுக்கள் அமைக்கப்பட வேண்டும் என்று நீதிமன்றம் வலியுறுத்தியதும் அங்கே அவை உயிர்பெற ஒரு காரணம். நியூயார்க் நகரத்தில் சமுதாய வாரியங்கள் என்ற பெயரில் 59 குழுக்கள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் ஐம்பது பேர் வரை ஊதியமின்றிப் பணியாற்றுகிறார்கள். பதவிக்காலம் இரண்டு ஆண்டு. விருப்பமுள்ளவர்கள் வெளிப்படையாக விண்ணப்பம் போடுகிறார்கள். நியமிப்பவர் அந்த வாரியம் அமைந்திருக்கும் நகரப் பிரிவின் (borough) தலைவர் என்றாலும், பாதிப் பேரை நகரமன்ற உறுப்பினர்களின் பரிந்துரையிலிருந்து எடுக்க வேண்டும். 16 வயது நிரம்பியவர்களும் அங்கே உறுப்பினராகலாம். நில உபயோகத்தை மாற்றும் பெரிய திட்டம் எதுவானாலும் முதலில் இந்த வாரியத்தின் முன் வந்தாக வேண்டும், 60 நாளுக்குள் வாரியம் தன் கருத்தைச் சொல்ல வேண்டும். அந்தக் கருத்து எவரையும் கட்டுப்படுத்தாது. இருந்தும் அதற்கு முன்னால் வராமல் திட்டம் நகராது. கருத்தைக் கேட்டாக வேண்டிய கட்டாயமும் கேட்பதற்கான காலவரையறையும் சேர்ந்தால், ஆலோசனை சொல்லும் அமைப்புக்கு என்ன கனம் வருகிறது என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. நம்முடைய நியமனங்களுக்கும் ஒரு விண்ணப்பப் படிவமும், விண்ணப்பித்தவர்களின் பட்டியலை வார்டு அலுவலகத்தில் ஒட்டும் வழக்கமும் வந்தால் பாதிக் குறை தீர்ந்துவிடும் என்று நான் நம்புகிறேன்.

விதி மாறும்வரை காத்திருக்கவும் வேண்டாம். உறுப்பினராக விரும்புகிறவர், தாம் எந்தப் பகுதியில் எத்தனை ஆண்டுகளாகக் குடியிருக்கிறார், எந்தப் பொதுப்பணியில் ஈடுபட்டிருக்கிறார் என்பதைக் குறிப்பிட்டு மாமன்ற உறுப்பினருக்கும் மண்டல அலுவலருக்கும் ஒரு மனு கொடுக்கலாம். இடம் காலியாகும்போது எழுத்தில் இருக்கும் பெயரே முதலில் நினைவுக்கு வரும். ஒரு செய்தியையும் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்: மாநகராட்சிப் பணிகளை ஒப்பந்தம் எடுப்பவரோ, முடிவெடுக்கப்படும் இடத்தில் சொந்த நிலமோ கடையோ வைத்திருப்பவரோ அந்தப் பொருள் விவாதத்துக்கு வரும்போது அதை வெளிப்படையாகச் சொல்லிவிட்டு, பரிந்துரை செய்வதிலிருந்து விலகி நிற்க வேண்டும். சொல்லாமல் விட்டு, பிறகு தெரியவந்தால், அவருடைய பெயரோடு குழுவின் பெயரும் சேர்ந்து கெடும்.

யார் பேசவில்லை என்பதையும் பார்க்க வேண்டும். கூட்டங்களில் முன்வரிசையில் இருப்பவர்கள் பெரும்பாலும் சொந்த வீடு உள்ளவர்கள், ஓய்வு பெற்றவர்கள், சங்கப் பொறுப்பாளர்கள். வாடகைக்குக் குடியிருப்பவர், வீட்டு வேலைக்குப் போகும் பெண், சாலையோர வியாபாரி ஆகியோர் வேலை நாளில் முற்பகல் பதினோரு மணிக்கு நடக்கும் கூட்டத்துக்கு வரவேண்டுமென்றால் ஒரு நாள் கூலியை இழக்க வேண்டும். பொதுக்கழிப்பறையின் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்பதைச் சொல்ல அதைப் பயன்படுத்தும் பெண்கள் வர வேண்டும். நடைபாதையை மீட்க வேண்டும் என்று ஒரு சங்கம் கேட்கும்போது, அந்த நடைபாதையில் இருபது ஆண்டுகளாகக் கீரை விற்பவரும் அந்தக் கூடத்தில் இருக்க வேண்டும். கூட்டத்தை மாலையில் வைக்கச் சொல்லிக் கேட்பது, பிரதிநிதியாக இருப்பவர் முந்தைய நாள் தெருத்தெருவாகப் போய்க் கேட்டு வருவது ஆகியவற்றை விதியில் எழுதியிருக்கிறதா என்று பார்க்கத் தேவையில்லை.

குடியிருப்போரும் பயன்பெறுவோரும் உட்காரும் வேறு குழுக்களும் உண்டு. 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின்படி அமையும் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால் பங்கு பெற்றோர்கள், பாதிப் பேர் பெண்கள். 2014ஆம் ஆண்டுத் தெரு வியாபாரிகள் சட்டத்தின்கீழ் அமையும் நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாத இடங்கள் வியாபாரிகளே தேர்ந்தெடுக்கும் பிரதிநிதிகளுக்கு உரியவை. வார்டு குழுவில் இடம் கிடைக்காதவருக்கு இவற்றில் ஒன்று பொருந்தக்கூடும். கூட்டத்தில் பேசுவதையும் பதிவேட்டைப் படிப்பதையும் பழகிக்கொள்ளப் பள்ளி மேலாண்மைக் குழு மிக நல்ல இடம்.

கூட்டத்துக்குப் பிறகு

பரிந்துரை பதிவாகிவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணிவிடக் கூடாது. பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். தர மறுத்தால் 2005ஆம் ஆண்டுத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்துடன் விண்ணப்பிக்கலாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளுக்குள் பதில் தர வேண்டும். ‘ஏன் செய்யவில்லை’ என்று அதில் கேட்பதைவிட, இன்ன தேதிக் கூட்டத்தின் இன்ன எண்ணுள்ள பரிந்துரையின்மீது எடுக்கப்பட்ட நடவடிக்கையின் நகல் வேண்டும் என்று கேட்பது பயன் தரும். அடுத்த கூட்டத்தின் முதல் பொருளாக முந்தைய கூட்டத்தின் பரிந்துரைகள் படிக்கப்பட்டு, ஒவ்வொன்றின் நிலையும் சொல்லப்பட வேண்டும் என்ற வழக்கத்தை உங்கள் பகுதியில் ஏற்படுத்த முடிந்தால், அந்தப் பகுதி சபை பாதி வெற்றி பெற்றுவிட்டது என்று கொள்ளலாம். ஏற்கப்படாத பரிந்துரைகளும் இருக்கும். பணமில்லை, இடமில்லை, அதைவிட அவசரமான வேலை பக்கத்துத் தெருவில் இருக்கிறது என்பன நியாயமான காரணங்கள். அவற்றையும் எழுதி வாங்கிக்கொண்டு, அடுத்த ஜனவரிக் கூட்டத்துக்கு எடுத்துவைக்க வேண்டும்.

நான் சொன்ன அந்தத் தெருவுக்கு அடுத்த கூட்டத்தில் பதில் வந்தது. தாரால் மூடியிருந்த திறப்புகள் மழைக்கு முன்பே வெட்டித் திறக்கப்பட்டிருந்தன. அந்த ஆண்டு ஆறாம் எண் வீட்டு வாசலில் தண்ணீர் நின்றது, ஆனால் வீட்டுக்குள் வரவில்லை. பெரிய சாலையோடு உள்ள இணைப்பு இன்னும் சரியாகவில்லை. சம்பந்தப்பட்ட துறைக்குக் கடிதம் அனுப்பப்பட்டிருப்பதாகப் பொறியாளர் சொன்னார். கடிதத்தின் எண் என்ன என்று இட்லிக் கடை அம்மா கேட்டார். கோப்பைத் திறந்து எண்ணையும் தேதியையும் படித்தார்கள், பதிவேட்டில் எழுதினார்கள். அந்தப் பக்கத்தை அவர் தம் கைபேசியில் படம் எடுத்துக்கொண்டார்.